சுவாகின் போகவில்லை

ஆரணியில் பாவு நீட்டியிருக்கும் தெருவில் நின்றுகொண்டு கடலுக்கு ஏங்குகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கமண்டல நாகநதியில் பெரும்பாலான நாள் மணல்தான் ஓடுகிறது. அண்ணன் தறியில் உட்கார்ந்திருக்கிறார். நான் கடையில் ஜரிகைக் கணக்கு எழுதுகிறேன்.

முன்பு மலேசியாவின் லங்காவியில் ஓட்டல் அடுப்படியில் இருந்தபோது, வயதான டச்சுத் தம்பதி தங்கள் பாய்மரப் படகில் சமைக்கவும் கயிறு இழுக்கவும் ஆள் தேடினார்கள். ஏறிவிட்டேன். வாடைக்காற்று அடிக்கும் ஜனவரிதான் வங்கக் கடலை மேற்கே தாண்டத் தோதான மாதம். ஆயிரம் கடல் மைலுக்கு மேல் தண்ணீர். அப்புறம் இலங்கையின் காலி.

துறைமுகத்தில் நுழைந்ததும் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். சுகாதாரம், சுங்கம், குடிவரவு எல்லாரும் பார்த்து முத்திரை குத்தும்வரை யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. கரையோ கூப்பிடு தூரத்தில். மீன் பொரிக்கிற வாசனை படகுக்கே வரும். அப்படிக் காக்க வைத்துத் திறந்துவிடுகிற ஊருக்குத் தனி ருசி. விமானத்தில் போய் இறங்குகிறவனுக்கு அது வாய்க்காது என்பது என் கட்சி.

இறங்கினால் தரை ஆடும். குழித்தறியில் மிதித்து வளர்ந்த கால்தான், ஆனாலும் முதல் நாள் முழுக்கத் தள்ளாட்டம். ஊர் பார்க்கவென்று தனியாக நேரம் கிடையாது. டீசல், குடிதண்ணீர், முட்டை, தக்காளி என்று பட்டியலோடு கிளம்பினால் வழியில் ஊர் தானாகத் தட்டுப்படும். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டைச் சுவர்மேல் தம்பதி கையேட்டைப் பிரித்துக்கொண்டு நடப்பார்கள். நான் பையோடு சந்துகளில் நுழைவேன். 2004 சுனாமி வெளியே இருந்த நகரத்தை வாரிச் சுருட்டியபோது கோட்டைக்குள் பெரிய சேதமில்லை என்று காய்கறிக் கடைக்காரர்தான் சொன்னார். தமிழ் பேசும் முஸ்லிம் பெரியவர். "இந்தியாவுல எந்த ஊர் தம்பி?" என்றார். ஆரணி, பட்டு நெய்கிற ஊர் என்றேன். "ஓ, காஞ்சிபுரமா!" என்று தலையாட்டினார். கடல் தாண்டிப் போயும் அதே கதைதான். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கி என்ன பிரயோசனம்?

காலிக்குப் பிறகு மாலத்தீவின் வடகோடியில் உலிகமு. வெள்ளை மணல் தெருக்களை ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். அங்கேதான் இரவு நேரங்களில் அம்மா (அந்தக் கிழவியை அப்படித்தான் கூப்பிடுவேன்) செங்கடல் வழியில் அடுத்து வரப்போகும் ஊர்களைப் பற்றி வாசித்துச் சொல்வார். சாம்பிராணிக்குப் பேர்போன சலாலா. மசாவா. பிறகு சூடானின் சுவாகின்: பவளக்கல்லால் கட்டிய பழைய நகரம், போர்ட் சூடான் துறைமுகம் வந்ததும் கைவிடப்பட்டு உதிர்ந்துகொண்டிருப்பது. வரைபடத்தில் பென்சிலால் கோடுகூடப் போட்டாயிற்று.

2011 பிப்ரவரியில் சோமாலியக் கொள்ளையர்கள் 'குவெஸ்ட்' என்ற படகைப் பிடித்து, அதிலிருந்த அமெரிக்கர் நால்வரையும் சுட்டுக் கொன்ற செய்தி வந்தது. செங்கடல் பக்கமே வேண்டாம் என்று பலர் படகுகளைச் சரக்குக் கப்பலில் ஏற்றித் துருக்கிக்கு அனுப்பினார்கள். எங்கள் படகும் அப்படித்தான் போயிற்று. சரக்குக் கப்பலில் சமையற்காரனுக்கு என்ன வேலை? மாலேயில் கணக்கு முடித்து, அம்மா ஒரு ரெயின்கோட்டும் கொடுத்து அனுப்பினார்.

இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்க, அவ்வூர் மாலுமிகள் அதை நான் போகாத அந்தச் செங்கடலில், சூயஸ் வழியாக ஓட்டி 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டரில் கொண்டு சேர்த்தார்கள். அவர்கள்மேல் எனக்குச் சுத்தமான பொறாமை. பார்த்த காலியைவிட பார்க்காத சுவாகின்தான் என்னை இழுக்கிறது. அவ்வூர்ச் சந்தையில் கைஜாடையில் கத்தரிக்காய் விலை கேட்டிருப்பேன்; கடைக்காரன் எப்படியும் கூடுதலாகத்தான் சொல்லியிருப்பான், நானும் பேரம் பேசாமல் விட்டிருக்க மாட்டேன்.