காலம் தவறிய வழிகாட்டி

எங்கள் பழைய காரின் வழிகாட்டித் திரை, ஒரு நாள் காலையில் தேதியை 19 ஆண்டுகளுக்கும் மேல் பின்னே தள்ளிக் காட்டியபோது, இயந்திரத்துக்கும் பூர்வஜன்ம ஸ்மரணை உண்டு போலும் என்று நான் சிறிது நேரம் ஆனந்தித்திருந்தேன்.

காரணம் அத்தனை ரசமானதல்ல.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் பழைய சமிக்ஞை, வாரங்களை 10 பிட்டுகளில் எண்ணுவதால், 1024 வாரங்கள் பூர்த்தியானதும் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது; 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அவ்வாறு திரும்பியதை உணரும் மென்பொருள் வாய்க்கப்பெறாத கருவிகள், கடந்த யுகத்திலேயே சுகமாகச் சஞ்சரிக்கின்றன.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடையில், புதிய திரை மாற்றுவது பற்றி விசாரித்தேன்.

"டபுள் டின் சைஸ்தான் சார், 180க்கு 100 மில்லிமீட்டர். ஃபிரேம் போட்டு மாட்டிடலாம். ஸ்டீயரிங் பட்டன் வேலை செய்யணும்னா கேன்பஸ் அடாப்டர் தனி."

அந்தப் புதிய திரையில் இயங்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோ என்னும் ஏற்பாட்டில், வழியை அறிவது கைபேசியே. திரையின் பிரதான தர்மம் அதைப் பிரதிபலிப்பது மட்டுமே.

ஆகவே, சட்டைப்பையில் ஏற்கெனவே குடியிருக்கும் ஞானத்தைச் சற்றுப் பெரிய எழுத்தில் தரிசிக்கும் பொருட்டே, வெள்ளெழுத்து கண்ட இந்தப் பிரகிருதி ஒரு மாத வீட்டு வாடகையைத் தத்தம் செய்ய உத்தேசித்திருக்கிறது.

"ஆபீசையும் வீட்டையும் தவிர வேறெங்கும் போகாத மனுஷருக்கு வழி காட்ட ஒரு மிஷின் எதுக்கு?" என்கிறாள் என் மனைவி.

நண்பர்களே, இதற்குத் தக்க சமாதானம் உங்களில் யாரிடமாவது உண்டா?