கூப்பிட்ட குரலுக்கு

தூது போவதற்கு ராமேசுவரம் கரை பேர்போன இடம். ஆனால் அங்கே தூது போகிறவர்கள் எல்லாரும் அனுமார் ஆகிவிட முடியாது. சென்ற மார்கழியில் நான் போய்வந்த தூது எனக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தது.

விஷயம் இதுதான். என் தாய்மாமன் தந்தி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 71. மாமி காலமான பிறகு தங்கச்சிமடத்தில் கடலோரத்து வீட்டில் தனியாக இருக்கிறார். சென்னையிலிருக்கும் அவர் பிள்ளை ஒரு நாள் என்னைத் தேடி வந்தான்.

“அத்தான், அப்பாவுக்குக் காது போயிடுச்சு. ராத்திரியிலே எத்தனை தடவை போன் பண்ணினாலும் எடுக்கிறதில்லை. வீட்டை வித்துட்டு இங்கே வரச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பார்.”

கதை எழுதுகிறவன் பேச்சைக் கேட்க நாலு பேர் இருப்பதாக நினைக்கும் அப்பாவிகள் இன்னும் உலகத்தில் உண்டு. நானும் அந்த மயக்கத்தில் ஒப்புக்கொண்டேன். 2025-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்தின்மேல் ரயில் போகும்போது, என்னென்ன பேச வேண்டும் என்று மனத்துக்குள் ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டேன்.

“வா மாப்பிள்ளை! பார்த்து வா, தரையிலே கம்பி கிடக்கு” என்று வரவேற்றார் மாமா.

கம்பிதான். எங்கே பார்த்தாலும் கம்பி. கொல்லையில் ஓர் இரும்புக் குழாயின் உச்சியிலிருந்து தூரத்துப் பனைமரம்வரை ஒன்று ஓடியது. மணலுக்குள் புதைந்து கடலைப் பார்க்கப் பத்துப் பதினைந்து ஓடின. பக்கத்து வீட்டு ஆடு ஒன்று அவற்றில் இரண்டைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டதாம்.

மாமா ஒரு ‘ஹாம்’. அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர். பரீட்சை எழுதி, மத்திய சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி, வி.யு. என்று தொடங்கும் அழைப்புப் பெயரோடு சொந்த டிரான்ஸ்மிட்டரில் உலகத்தோடு பேசலாம். பாட்டுப் போடக் கூடாது, வியாபாரம் பண்ணக் கூடாது. காலணா வரும்படி கிடையாது. 2013 ஜூலையில் நம் தேசத்தில் தந்தி சேவையே முடிந்து போயிற்று. மாமாவின் விரல் மட்டும் இன்னும் மோர்ஸ் கட்டையை விடவில்லை.

இந்த ஹாம்களிலும் மாமா ஒரு தனி ரகம். கீழ் அலைவரிசைக்காரர். பெரும்பாலோர் குறுகிய அலைகளில் சுளுவாகக் கடல் கடந்து பேசுவார்கள். மாமாவுக்குப் பிடித்ததோ 160 மீட்டர். அலை ஒன்றின் நீளமே 160 மீட்டர் என்றால், அதில் கால்பங்குக்காவது கம்பி கட்ட வேண்டும். 40 மீட்டர், 130 அடி! நெட்டுக்கு நிறுத்தினால் கோயில் கோபுரத்துக்குப் போட்டி. அதனால்தான் பாதி வழி மேலே போய், மீதி பனைமரத்துக்குத் திரும்புகிறது. சென்னையில் அடுக்குமாடியில் இதை எங்கே கட்டுவது?

“கடல் இருக்கிறதாலேதான் பிழைச்சேன். உப்புத் தண்ணி ரேடியோ அலைக்கு ராஜபாட்டை மாதிரி. அந்த நாளிலே சிலோன் ரேடியோ இந்தக் கரையிலே அவ்வளவு துல்லியமாக் கேட்டதே, ஏன்னு நினைக்கிறே?” என்றார்.

பகலில் இந்த அலை தூரம் போகாது. ஆகாயத்தில் சூரிய வெளிச்சத்தால் உண்டாகும் கீழ் அடுக்கு ஒன்று அதை விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகிறது. அலை இன்னும் மேலே போய், மேல் அடுக்கில் பட்டுத் திரும்பிக் கண்டம் தாண்டி இறங்குகிறது. ஆகவே மாமாவுக்கு இரவுதான் பகல். அதிலும் இடிமழைக் காலத்தில் மின்னல் ஒவ்வொன்றும் காதில் வெடிக்கும். பனிக்காலம்தான் தோது.

அன்று இரவு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரிக்கேன் விளக்கு, லாரி பாட்டரி, காதில் ஒரு ஹெட்போன் அவருக்கு, ஒன்று எனக்கு. எனக்குக் கேட்டதெல்லாம் வாணலியில் கடுகு வெடிக்கும் சத்தம். மாமா கட்டையைத் தட்டினார். டா டிட் டா டிட், டா டா டிட் டா. ஸி.க்யூ.

“யாரைக் கூப்பிடுறீங்க?”

“யாரையும்தான். கேக்கிறவங்க யாராயிருந்தாலும் பேசலாம்னு அர்த்தம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருஷமாக நானும் பத்திரிகையில் அதைத்தானே செய்கிறேன்!

ஒன்பது மணிக்கு என் செல்போன் சார்ஜரைச் சுவரில் செருகினேன். ஹெட்போனில் ஆயிரம் வண்டுகள் ஒரே சமயத்தில் இரைந்தன. மாமா துள்ளி எழுந்தார். “எடு, எடு! அதைப் பிடுங்கு!” சார்ஜர், எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர் எல்லாமே இந்த அலைவரிசைக்குப் பரம வைரிகளாம். ஆகவே பொழுது சாய்ந்ததும் வீட்டில் எல்லாம் ஓய்வு. அலமாரியைத் திறந்து பார்த்தேன். மாமாவின் செல்போன் உயிரில்லாமல் கிடந்தது.

பிள்ளை சொன்ன செவிட்டு நோயின் மர்மம் விளங்கிவிட்டது. பின்லாந்துக்காரன் கூப்பிட்டால் கேட்கும் காதுக்கு, பெற்ற பிள்ளை கூப்பிட்டால் கேட்கவில்லை.

“எதுக்கு மாமா இந்தத் தொல்லை? புயல் வந்தா உதவும்னா?”

மாமா பொய் சொல்லவில்லை. “அதுக்கு இந்த 160 வேண்டாம். கம்பியைத் தாழக் கட்டி 40 மீட்டர், 80 மீட்டர்லே பேசினா போதும். அலை செங்குத்தாப் போய் சில நூறு மைலுக்குள்ளே இறங்கும். 2004 டிசம்பரிலே டெல்லியிலேருந்து பாரதி பிரசாத்னு ஒரு அம்மா அந்தமானுக்கு ரேடியோ கொண்டு போயிருந்தாங்க. போனது பொழுதுபோக்குக்கு. 26-ஆம் தேதி சுனாமி வந்து டெலிபோன் அத்துப் போனதும், அதே ரேடியோதான் போர்ட் பிளேர்லேருந்து ஜனங்களோட சேதியைக் கரைக்குக் கொண்டு வந்தது.”

“அப்போ இந்த 160?”

“காதுக்குப் பழக்கம். 1921-லே பால் காட்லின்னு ஒரு அமெரிக்கன், ஸ்காட்லாந்திலே ஆர்ட்ராசன் கடற்கரையிலே டிசம்பர் குளிர்லே கூடாரம் போட்டு உக்காந்து, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்து அமெச்சூர்களோட சின்ன ஸ்டேஷன்களைக் கேட்டான். அதுவும் இந்த மாதிரி கீழ் அலையிலேதான். மெஷின் இருந்தாப் போதாது மாப்பிள்ளை. இரைச்சலுக்குள்ளே ஒருத்தன் இருக்கான்னு நம்பி உக்காரணும். அது ஒரு நாளிலே வராது.”

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, என் அம்மா எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

1964 டிசம்பர் 22. மாமாவுக்குப் பத்து வயது. என் தாத்தா மண்டபத்தில் ரயில்வே தந்தி வேலை. புயலில் வீட்டு ஓடு பறந்துவிட, குழந்தைகளை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து தம் மேஜைக்கடியில் உட்கார வைத்திருந்தார். அன்றிரவுதான் 100-க்கு மேற்பட்டவர்களோடு தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. பாம்பன் பாலத்தின் தூலங்கள் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. பாலத்தை ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மறுபடி நிமிர்த்திவிட்டார்கள். தனுஷ்கோடியை யாரும் நிமிர்த்தவில்லை.

“அப்பா விடிய விடியத் தட்டினார். பாம்பனைக் கூப்பிட்டார், தனுஷ்கோடியைக் கூப்பிட்டார். லைன் எப்பவோ செத்துப்போச்சு. அது அவருக்கும் தெரியும். ஆனா கையை எடுக்கலை. மேஜைக்கடியிலே எனக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது. கூப்பிட்டவனுக்குப் பதில் வராத சத்தம்.”

எனக்குத் தூது ஞாபகம் வந்தது. ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“மாமா, உங்க பிள்ளையும் தினம் ராத்திரி கூப்பிடுறான். அவனுக்கும் பதில் வரலை.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. ரேடியோவின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, “படுத்துக்கோ. விடியறதுக்கு முன்னே எழுப்பறேன்” என்றார்.

எழுப்பினார். மணி ஆறேகால். சூரியன் உதிக்கும் வேளையில் ஒரு கால்மணி நேரம் இந்த அலைக்குத் தனி மவுசு. கடுகு வெடிப்புக்குப் பின்னால், கிணற்றடியில் சொட்டும் தண்ணீர்போல ஏதோ கேட்டது. அல்லது கேட்டதாக நினைத்தேன். மாமாவின் பென்சில் ஓடியது. பின்லாந்து. அங்கே இன்னும் நடு இரவின் இருட்டு. 100 வாட் சக்தியில், ஒரு பழைய குண்டு பல்பு எரியும் மின்சாரத்தில், தங்கச்சிமடம் அங்கே கேட்டிருக்கிறது. ஊரும் பேரும் சொல்லி, எப்படிக் கேட்கிறது என்று சொல்லி, வந்தனம் சொல்லிக்கொண்டார்கள். ஒரு நிமிஷம்தான். அதற்குள் சூரியன் வந்துவிட்டான், மறுபடி இரைச்சல்.

சென்னை திரும்பியதும் பிள்ளை ஓடி வந்தான். “அத்தான், அப்பா என்ன சொன்னார்?”

“வரமாட்டாராம். காது நன்றாக இருக்கிறது” என்றேன். அவனுக்கு என்மேல் மகா கோபம். தூதனைக் கோபிப்பது இலங்கையிலிருந்து வரும் வழக்கம்தானே.

ஆனால் அன்று இரவு எட்டு மணிக்கு அவனுக்கு ஒரு போன் வந்ததாம். “இனிமே தினம் எட்டு மணி. உனக்கும் எனக்கும் இதுதான் நேரம். அதுக்கப்புறம் சார்ஜரைப் பிடுங்கிடுவேன்” என்றாராம் மாமா.

இதுவரை ஒரு நாளும் தவறவில்லை என்று கேள்வி.