லாக்ஸ் கடிதம்: முப்பதுக்கு மேல் ஸ்னோபார்க்

லாக்ஸ், சுவிட்சர்லாந்து
மார்ச் மாதக் கடைசி



ஸ்னோபார்க் பனிமலையில் தானாக அமைந்த இடமல்ல. இரவில் யந்திரத்தால் கட்டி, காலையில் கைவாரியால் சீவி முடித்த இடம். சரிவில் பனியைக் குவித்து எழுப்பிய மேடுகள், தாவுவதற்கான ஏற்றங்கள், பனியில் பாதி புதைத்த பிளாஸ்டிக் பாக்ஸ்கள், இரும்பு ரெயில்கள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையில் நிற்கும். ஸ்னோபோர்டு என்ற ஒற்றைப் பலகையில் இரண்டு கால்களையும் பூட்டிக்கொண்டு, மேலிருந்து வந்து இவற்றின்மேல் ஏறி, வழுக்கி, தாவி இறங்க வேண்டும். அமெரிக்காவில் இதற்கு டெரெய்ன் பார்க் என்று பெயர், ஐரோப்பாவில் ஸ்னோபார்க். பார்ப்பவருக்கு இது பதினாறு வயதுப் பையன்களின் உலகமாகத் தெரியும். சிறிய பாக்ஸின் முன்னால் நிற்கும் வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், ஹெல்மெட்டுக்குள் நரை எட்டிப் பார்க்கும் தாடிகளும் உண்டு.

லாக்ஸ் இருப்பது கிராவுபுண்டன் மாநிலத்தில். சூரிக்கிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் கூர் நகரம். அங்கிருந்து மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து மலையேறுகிறது. ஊர்ப் பலகைகளில் ஜெர்மனோடு ரோமான்ஷும் இருக்கிறது. பார்க்குகளின் மையமான மலைமுனைக்குக் கிராப் சோன் ஜோன் என்று பெயர். ரோமான்ஷில் கிராப் என்றால் பாறை. ஆங்கிலம் தெரிந்தவர்கள் கேபிள் காரில் அந்தப் பெயரை வாசித்துச் சிரிப்பது தினசரி வழக்கம். 2,200 மீட்டருக்கு மேல் உள்ள அந்த முனையைச் சுற்றி, தொடக்கநிலையிலிருந்து தொழில்முறைவரை தனித்தனி பார்க்குகள் இருக்கின்றன. ஹாஃப்பைப் என்ற பனிவாய்க்கால் மட்டும் 200 மீட்டர் நீளம். ஜனவரியில் லாக்ஸ் ஓப்பன் போட்டி நடப்பது இங்கேதான்.

விளையாட்டுக்கே வயது அதிகமில்லை. 1965-இல் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் பெண்களுக்காக இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்துப் பிணைத்ததிலிருந்து கதை தொடங்குகிறது. 1977-இல் வெர்மான்ட்டில் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் பலகை செய்து விற்கத் தொடங்கினார். ஒலிம்பிக்கில் இது நுழைந்தது 1998 நகானோவில். ஆண்கள் ஹாஃப்பைப்பின் முதல் தங்கத்தை வென்ற ஜியான் சிம்மன், இதே கிராவுபுண்டனின் அரோசாவைச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு வயது 20. 2022 பெய்ஜிங்கில் ஷான் ஒயிட் தன் கடைசி ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தபோது வயது 35. அவர் ஆறு வயதிலிருந்து பழகியவர் என்பதால், முப்பதில் தொடங்குபவருக்கு அவரை உதாரணம் காட்டுவது நியாயமில்லை.

முப்பதைத் தாண்டியவருக்கு உண்மையில் என்ன மாறியிருக்கிறது? எலும்பின் அடர்த்தி ஏறக்குறைய அந்த வயதில் உச்சத்தைத் தொட்டு மெல்ல இறங்கத் தொடங்குகிறது. சுளுக்கு ஆற நாளாகிறது. இவை உண்மைதான், ஆனால் பெரிய விஷயம் வேறு. ஏழு வயதுக் குழந்தையைவிட வளர்ந்தவருக்கு எடை மூன்று மடங்கு. இடுப்பு தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உயரத்தில் இருக்கிறது. அதே தடுமாற்றத்தில் குழந்தை உட்கார்ந்துவிடுகிறது, பெரியவர் விழுகிறார். குழந்தைக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம். பெரியவருக்கு மடிக்கணினியும் அதைத் தட்டக் கைகளும் வேண்டும். ஸ்னோபோர்டில் அதிகம் முறிவது மணிக்கட்டுதான் என்பதால் இந்தக் கவலை வெறும் கற்பனையல்ல. பின்பக்கமாக விழும்போது கையை ஊன்றுவது உடம்பின் இயல்பு. விரல்களை மடக்கி முஷ்டியாக்கி, முன்கையால் தரையைத் தொட்டு உருளப் பழக வேண்டும். கையுறைக்குள் அணியும் மணிக்கட்டுக் காப்பு முறிவைக் குறைக்கிறது. அதை அணிபவர்கள் குறைவு. பார்க்க அழகாக இருக்காது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

பார்க்குக்குள் போகும் முன் சாதாரணச் சரிவில் சில அடிப்படைகள் கையில் இருக்க வேண்டும். இரண்டு விளிம்புகளிலும் திரும்புதல், நிற்க நினைத்த இடத்தில் நிற்றல், எந்த விளிம்பிலும் சாயாமல் பலகையைத் தட்டையாக வைத்து நேரே போதல். மூன்றாவதுதான் பலருக்குத் தகராறு. சாதாரணச் சரிவில் எப்போதும் ஏதாவதொரு விளிம்பில் நிற்பதே பாதுகாப்பு என்று கற்றவர்களுக்கு, பார்க் அதற்கு நேர்மாறானதைக் கேட்கிறது. பலகையும் மாறும். இரு முனைகளும் ஒரே வடிவம், கொஞ்சம் குட்டை, வளைந்து கொடுக்கும் மென்மை. கால்பூட்டுகளை முன்னே பிளஸ் 15 பாகை, பின்னே மைனஸ் 15 என்று வாத்துக்கால் போல விரித்து வைப்பது வழக்கம். அப்போதுதான் வலதுகால் முன்னே வந்தாலும் இடதுகால் முன்னே வந்தாலும் ஒரே மாதிரி நிற்கலாம். முனைகளுக்கு அருகே உள்ள எஃகு விளிம்பின் கூர்மையை அரத்தால் மழுக்கிக் கொடுக்கச் சொல்லிக் கடையில் கேட்டால் போதும், புரிந்துகொள்வார்கள்.

முதல் பாடம் பாக்ஸ். தரையோடு தரையாகப் பதித்த, ஓராள் படுக்கும் அகலமுள்ள வழவழப்பான பலகைமேடை. பனியில் ஓடும் மெல்லிய இரைச்சல் அதில் ஏறியதும் சட்டென்று நின்று, வெறும் ஒரு "ஸ்ஸ்" மட்டும் கேட்கும். அந்த அமைதியில்தான் பெரியவர்கள் பதறுகிறார்கள். பதறினால் குதிகாலில் சாய்கிறார்கள். பனியில் விளிம்பு பிடிக்கும், பாக்ஸில் விளிம்புக்குப் பிடிக்க எதுவும் இல்லை. பலகை முன்னால் பறக்க, ஆள் முதுகில் விழுகிறார். சரிசெய்யும் வழி எளிது, செய்வது கடினம்: பாக்ஸின் தொடக்கத்தைப் பார்க்காமல் கடைசி முனையைப் பார்ப்பது, முழங்காலைத் தளர்வாக மடக்குவது, எதையும் திருத்த முயலாமல் இருப்பது. பாக்ஸில் செய்யும் திருத்தங்களில் பெரும்பாலானவை கீழே தள்ளுபவையே. நேராகப் போய் நேராக இறங்குவதற்கு ஃபிஃப்டி-ஃபிஃப்டி என்று பெயர். அது பத்து முறை தொடர்ந்து வந்த பிறகே பலகையைக் குறுக்கே திருப்பும் போர்டுஸ்லைடு. இரும்பு ரெயிலை முதல் பருவத்தில் தொடாமலே இருக்கலாம்.

இரண்டாவது பாடம் கிக்கர், அதாவது தாவல்மேடை. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். முப்பதுக்கு மேற்பட்டவர்கள் அடிபடுவதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

கிக்கருக்கு நான்கு பாகங்கள். மேல்நோக்கி வளையும் ஏற்றம், அதன் உதடான லிப், நடுவே மட்டமான மேடை, அப்பால் கீழ்நோக்கிச் சரியும் இறங்குசரிவு. மேடையும் சரிவும் சேரும் முனைக்கு நக்கிள், விரல்முட்டி, என்று பெயர். நோக்கம் மேடையைத் தாண்டி இறங்குசரிவில் கால் வைப்பது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து மட்டமான தரையில் விழுந்தால் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகம் முழுவதும் முழங்காலிலும் முதுகிலும் இறங்கும். அதே உயரத்திலிருந்து சரிவில் இறங்கினால் உடம்பு போகும் திசையும் தரையின் திசையும் ஒத்துப்போகின்றன. மோதலாக வேண்டிய வேகம் ஓட்டமாக மாறிவிடுகிறது. போட்டிகளில் வீரர்கள் இருபது மீட்டர் தாவி ஒன்றும் ஆகாமல் போவதற்குக் காரணம் இதுதான். ஆபத்தான இடம் காற்று அல்ல, மேடை.

பெரியவர் என்ன செய்கிறார்? மேலிருந்து துணிச்சலாகப் புறப்படுகிறார். ஏற்றம் நெருங்கும்போது அறிவு விழித்துக்கொள்கிறது. "சர்ர்" என்று குதிகால் விளிம்பால் பனியைச் சுரண்டி வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறார். கொஞ்சம்தானே என்று தோன்றும். மட்டமான ஐந்து மீட்டர் மேடை, 20 பாகை ஏற்றம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அதைத் தாண்ட மணிக்குச் சுமார் 31 கிலோமீட்டர் வேண்டும். 25-ஆகக் குறைத்தால் தாவும் தூரம் மூன்றேகால் மீட்டருக்கும் குறைந்துவிடுகிறது. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு போனால் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்; தூரம் வேகத்தின் இருமடிக்குக் கட்டுப்பட்டது. சுரண்டியதால் பலகை விளிம்பில் நிற்கிறது, உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது, அந்த நிலையிலேயே லிப்பிலிருந்து எறியப்படுகிறார். இறங்குவது நக்கிள் மேலோ அதற்கு முன்போ. பத்திரமாக இருக்க எடுத்த முடிவே ஆளைக் கீழே போடுகிறது.

பின்னாலேயே ஒரு சிறுமி, ஒன்பது வயது இருக்கலாம், கைகளைத் தொங்கவிட்டபடி வந்து, தாவி, இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறாள். அவளிடம் துணிச்சல் அதிகம் என்று வரிசையில் நிற்பவர்கள் பேசிக்கொள்வார்கள். அவள் செய்தது பிரேக் பிடிக்காததுதான்.

ஆகவே எச்சரிக்கையை எங்கே செலவழிப்பது என்பதே பெரியவருக்கான பாடம். செலவழிக்க வேண்டிய இடம் மேலே, புறப்படும் முன். தன் எடையும் உயரமும் உள்ள நான்கைந்து பேர் எந்தப் புள்ளியிலிருந்து புறப்படுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். ஒருமுறை அதே வேகத்தில் வந்து, கிக்கருக்குப் பக்கவாட்டில் விலகிப் போய்ப் பார்க்கலாம். பார்க்கில் இதை ஸ்பீட் செக் என்பார்கள். வேண்டாம் என்று முடிவெடுக்க ஏற்றத்தின் அடிவாரம்வரை நேரம் உண்டு. ஏற்றத்தில் பலகை ஏறிவிட்டால் முடிவெடுக்க எதுவுமில்லை: பலகை தட்டை, முழங்கால் மடக்கு, கண் இறங்குசரிவில், லிப்பில் நிமிர்ந்து நிற்றல், இரண்டு கால்களாலும் ஒருசேர இறங்குதல். முதல் பத்துப் பதினைந்து தாவல்களுக்குத் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பினால் போதும். எஸ் என்று குறித்த சிறிய மேடைகள் அதற்கென்றே இருக்கின்றன. அவற்றிலிருந்து நடுத்தர அளவான எம்முக்குப் போவது அடுத்த பருவத்து வேலை.

வேகம் பனியைப் பொறுத்தும் மாறும். இந்த மாதக் கடைசியில் காலை ஒன்பதரைக்கு இரவில் உறைந்த சரிவு கண்ணாடி மாதிரி இருக்கும்; பலகை வேண்டாத வேகத்தில் ஓடும், விழுந்தால் தரை கல். பதினொன்றுக்கு வெயில் ஏறி மேற்பரப்பு இளகும்போது கற்பவருக்கான நேரம் தொடங்குகிறது. இரண்டு மணிக்குப் பனி பிசுபிசுத்து மெழுகு தேய்ந்த பலகையைப் பின்னால் இழுக்கும். காலையில் சரியாக இருந்த புறப்படும் புள்ளி இப்போது ஐந்து மீட்டர் மேலே போயிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் தாவலில் அடிபடுகிறவர்கள் பலரும் தப்பாக எதுவும் செய்யாதவர்கள், காலைக் கணக்கை நம்பியவர்கள்.

பார்க்கின் நடைமுறை எழுதாத சட்டம் போல. ஒரு மேடையில் ஒரு நேரத்தில் ஒருவர். புறப்படும் முன் கையைத் தூக்கியோ குரல் கொடுத்தோ தெரிவிப்பது. இறங்குசரிவில் உட்காராமல் இருப்பது. மேலிருந்து வருபவருக்கு அந்த இடம் தெரியாது. யாராவது விழுந்து எழாவிட்டால், மற்றொருவர் லிப்புக்கு மேலே நின்று கைகளைக் குறுக்கே கோத்துக் காட்டுவார். வரிசை முழுக்க அப்படியே நின்றுவிடும். இதில் வயதுக்கு மரியாதை என்று தனியாக எதுவும் கிடையாது. பத்து வயதுப் பையன் நாற்பது வயதுக்காரரைப் பார்த்து "உங்கள் முறை" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுக் காத்திருப்பான். அந்தக் காத்திருப்பே சிலருக்குக் கிக்கரைவிடப் பயம்.

மழை நாளுக்கும் பயந்த நாளுக்கும் அடிவாரத்தில் ஃப்ரீஸ்டைல் அகாடமி என்ற உள்ளரங்கம் இருக்கிறது, 2010-இல் திறந்தது. டிராம்போலின்களும், ஸ்பாஞ்சுக் கட்டிகள் நிரம்பிய குழியும் அங்கே உண்டு. காற்றில் உடம்பு எங்கே இருக்கிறது என்பதைக் குழந்தைகள் மரத்திலிருந்தும் கட்டிலிலிருந்தும் குதித்தே தெரிந்துகொள்கிறார்கள். பெரியவர்கள் அதை மறந்து இருபது வருடம் ஆகியிருக்கும். டிராம்போலினில் ஒரு மணி நேரம் நேராகக் குதித்து நேராக இறங்குவது, மலையில் ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

அடிபட்டால் சுவிட்சர்லாந்து ஏற்பாடுகள் செய்துவைத்த நாடு. ஒரே முதலாளியிடம் வாரம் எட்டு மணி நேரமாவது வேலை செய்பவருக்கு விடுமுறை நாள் விபத்துக்கும் கட்டாயக் காப்பீடு உண்டு. வேலைக்குப் போக முடியாவிட்டால் மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வருபவர் தன் பயணக் காப்பீட்டில் பனி விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று புறப்படும் முன் வாசித்துவிடுவது நல்லது. 1952-இல் தொடங்கிய ரேகா என்ற விமான மீட்புச் சேவையின் சிவப்பு ஹெலிகாப்டர் மலைக்கு வரும்; எண் 1414.

இந்த நாட்டில் முப்பதுக்கு மேல் கற்பவர்களில் தமிழர்களும் சேர்ந்திருக்க ஒரு காரணம் உண்டு. எண்பதுகளில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் உணவகச் சமையலறைகளில் இரவு பகலாக நின்றார்கள். அவர்களுக்கு மலை என்பது ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒன்று. பிள்ளைகள் பள்ளிக்கூட ஸ்கீலாகரில், அந்தக் குளிர்கால முகாமில், ஒரு வாரம் சறுக்கக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அந்த ஒரு வாரத்தோடு நின்றுபோனவர்கள் இன்று சொந்தச் சம்பளத்தில், சிலர் தம் பிள்ளைகளோடு, மறுபடி மலையேறுகிறார்கள்.

ஒரு பருவத்தில் பதினைந்து நாள் மலையில் கிடைத்தால் பெரியவர் ஒருவர் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியவை இவை: பாக்ஸில் ஃபிஃப்டி-ஃபிஃப்டி, சிறிய கிக்கரில் நேரான தாவல், சமதரையில் அரைச்சுற்றுச் சுற்றி மறுகால் முன்னே வர இறங்குதல். தாவலின் நடுவில் பலகையின் விளிம்பைக் கையால் தொட்டுவிட்டால் அது கொசுறு. இதைவிடச் சீக்கிரம் முன்னேறுபவர்கள் உண்டு; அவர்களில் பலர் ஸ்கேட்போர்டிலோ ஜிம்னாஸ்டிக்ஸிலோ சிறு வயதைக் கழித்தவர்கள்.

நாலு மணிக்கு லிஃப்ட் நிற்கிறது. பார்க்கின் வாயிலில் கயிறு கட்டிவிட்டு, பார்க்கைச் சீரமைக்கும் ஷேப்பர்கள் வாரிகளோடு இறங்கி, நாள் முழுக்க நூறு பலகைகள் தேய்த்துப் பள்ளமாக்கிய லிப்பை நிரப்பிச் சீவுகிறார்கள். இருட்டியதும் பனிச்சமன் யந்திரத்தின் விளக்குகள் சரிவில் மேலும் கீழும் ஊர்வது ஊரிலிருந்து தெரியும். விடுதியின் ஸ்கீ அறையில் பலகையின் விளிம்பைத் துணியால் ஒற்றித் துடைத்து வைக்காவிட்டால் காலைக்குள் துரு ஏறிவிடும். நாளைக்கு லிப்பின் வளைவு இன்றையதாக இருக்காது. புறப்படும் புள்ளியை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.