கைமுறுக்குக்கு ஆறு பேர் வேண்டும்

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் கிடக்கிறது. அதற்குள் சிங்கப்பூர் பொங்கோலில் எங்கள் புளோக்கின் பதினோராம் மாடி அக்கா முறுக்கு ஆர்டரை நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல முடியாதும்மா, ஒத்த ஆளு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி, அவ்வளவுதான். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் முறுக்குக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். பொங்கோலில் ஊதா ரயிலில் ஏறினால் மாறாமலே லிட்டில் இந்தியாவில் இறங்கலாம், இறங்கினால் கடைக்குக் கடை பலகாரம்தான். அக்காவின் முறுக்கைத் தின்று பழகியவர்களுக்கு அது போதாது. என்ன சங்கதி என்று கேட்க அவர் வீட்டுக்கே போனேன்.

இரண்டே பர்னர் அடுப்பு. ஒருவர் திரும்பினால் இன்னொருவர் நகர வேண்டிய சமையலறை. அச்சை இரு கையாலும் பிழிகிறார், பிழியும்போதே காது எண்ணெய்ச் சட்டியில் இருக்கிறது. சலசலப்பு அடங்கியதும் அச்சைக் கீழே வைத்துவிட்டு ஜல்லிக்கரண்டியை எடுக்கிறார். மறுபடி மாவு, மறுபடி அச்சு. நெல்லைக்காரருக்கு அச்சு முறுக்கு என்றால் மனசு நிறையாது. "ஊர்ல நாங்க கைச்சுத்துதான் போடுவோம். ஒருத்தி மாவு பிசையணும், நாலு பேர் துணி விரிச்சுச் சுத்தணும், ஒருத்தி சட்டிக்கிட்ட நிக்கணும். தனியா சுத்தினா முடிக்கறதுக்குள்ள மாவு காஞ்சு போயிடும்" என்றார்.

ஆள் இல்லாமலா? ஏழாம் மாடியில் வேலை போய் வீட்டில் இருக்கும் ஒரு பெண், பக்கத்து புளோக்கில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதியம்வரை சும்மா இருக்கும் இன்னொருத்தி. இருவரும் வரத் தயார், இருவருக்கும் காசு தேவை. அக்காதான் வேண்டாம் என்றுவிட்டார். விதி அப்படி.

அந்த விதியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் சிறுதொழில் நடத்த யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை. சமைத்து விற்க உரிமம் தேவையில்லை, சுத்தமும் பாதுகாப்பும் உங்கள் பொறுப்பு. அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தனியாள் வியாபாரம் செய்தால் பதிவுகூடத் தேவையில்லை. நம் ஊரில் ஒரு சான்றிதழுக்கு எத்தனை முறை நடக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தால் இது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் பலகை வைக்கக் கூடாது. பெரிய இயந்திரம் கூடாது. அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு கூடாது. கடைகளுக்குச் சரக்குப் போடக் கூடாது. விருந்துக்கு மொத்தமாகச் சமைத்துக் கொடுக்கக் கூடாது. இதெல்லாம் சரி என்றே வைத்துக்கொள்வோம். கடைசியாக ஒன்று: அந்த வீட்டில் குடியிருக்காத ஒருவரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. என்னால் ஒப்ப முடியாதது இது ஒன்றுதான்.

பெண்கள் நடத்திய தொழில் என்றால் முதலில் நினைவுக்கு வரும் லிஜ்ஜத் அப்பளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1959 மார்ச்சில் மும்பை கிர்காமில் ஒரு கட்டடத்து மொட்டைமாடியில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் அப்பளம் இட்டார்கள். முதல் நாள் நான்கு பொட்டலம். பிறகு காலையில் மாவை வாங்கிப்போய் அவரவர் வீட்டில் தேய்த்துக் காயவைத்துத் திருப்பித் தரும் முறை வந்தது. சேர்ந்தவர்கள் எல்லாருமே பங்குதாரர்கள், முதலாளி என்று தனியாக ஒருவர் இல்லை. இந்த விதிகளின்படி அந்த ஏழு பேரும் பொங்கோலில் ஒரே வீட்டில் குடியிருந்திருக்க வேண்டும். அப்போதும் கடைக்குப் போட்டிருக்க முடியாது.

என் சொந்த ஊர்ப் பக்கத்துக் கதை இன்னும் பெரிது. மதுரை மாவட்டம் புல்லுச்சேரியில் கூலிவேலை பார்த்த சின்னப்பிள்ளை படிக்காதவர். வயல் வேலைக்குப் போகும் பெண்களைக் கூட்டிக்கொண்டு நிலக்காரர்களிடம் கூலி பேசியவர், களஞ்சியம் இயக்கத்தில் பெண்களின் சேமிப்பைக் கட்டி எழுப்பியவர். 2001இல் தில்லியில் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டத்துக்கும் அடிப்படை இதே ஏற்பாடுதான்: பன்னிரண்டு முதல் இருபது பேர், ஒரு கணக்கு நோட்டு, ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். அந்தக் குழுக்கள் விற்கும் பூமாலை வணிக வளாகத்தில் ஊறுகாய் வாங்கும்போது அந்த ஏற்பாடு எனக்குச் சாதாரணமாகத்தான் தெரிந்தது. அதன் அருமை எனக்குப் புரிந்தது இங்கே வந்த பிறகுதான்.

இந்த ஊர் சமூக நிறுவனங்களை ஆதரிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. அவற்றை வளர்க்கவென்றே 2015இல் ரெய்ஸ் என்ற மையத்தைத் தொடங்கினார்கள். 2010இலிருந்து டிக்னிட்டி கிச்சன் உடற்குறையுள்ளவர்களுக்கு உணவங்காடித் தொழில் கற்றுக்கொடுக்கிறது. இவை நிறுவனங்கள், உரிமம் பெற்ற இடத்தில் நடப்பவை. சமையற்கூடத்துக்கு வாடகை கொடுக்கத் தெம்பில்லாத பெண்ணுக்கு வீட்டு அடுப்புதான் முதல். 2020 ஏப்ரலில் கொவிட் முடக்கத்தில் வீட்டுப் பலகாரத் தொழிலையும் நிறுத்தியபோது நோன்புப் பெருநாள் குக்கீஸை நம்பியிருந்த மலாய் மக்சிக்குகள் (அத்தைமார்கள்) பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். மே 12 அன்று மறுபடி அனுமதித்தார்கள். பெருநாளுக்குப் பன்னிரண்டு நாள்தான் மிச்சம் இருந்தது.

டிபென்டன்ட் பாஸில் இருக்கும் நம் பெண்கள் நிலைமை இதைவிட மோசம். கணவரின் ஐ.டி. வேலைக்காகக் கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து, பொறியியல் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு இருப்பவர்கள் பொங்கோலில் மாடிக்கு ஒருவராவது இருப்பார்கள். 2021 மே மாதத்திலிருந்து அவர்கள் சொந்தத் தொழில் நடத்த மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் கிடைக்க வேண்டுமானால், நிறுவனத்தில் குறைந்தது 30 விழுக்காடு பங்கு வேண்டும். சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி ஒருவரை வேலைக்கு வைத்து, நிர்ணயித்த சம்பளம் கொடுத்து, மூன்று மாத மத்திய சேம நிதியும் கட்டியிருக்க வேண்டும். அக்கா ஓர் ஆளை வைத்தால் தப்பு, இந்தப் பெண்கள் வைக்காவிட்டால் தொடங்கவே முடியாது.

வெளிநாட்டிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கோ இங்கே எந்தத் தொழிலுக்கும் இடமில்லை. ஆனாலும் 2006இல் தொடங்கிய ஐதா அமைப்பின் வகுப்புகளில் ஞாயிற்றுக்கிழமை விடுப்பைச் செலவிட்டுச் சேமிப்பும் கணக்கும் தொழில் திட்டமும் படிக்கிறார்கள். படித்ததை வைத்துக் கடையோ பண்ணையோ போடுவது அவரவர் சொந்த ஊரில்தான்.

அண்டை வீட்டாரின் அமைதி கெடும் என்பதுதான் வீட்டுச் சிறுதொழிலில் ஆள் வைக்கத் தடை போட அதிகாரிகள் சொல்லும் காரணம். அப்படியென்றால் அதே வீவக வீடுகளில் நடக்கும் வீட்டு அலுவலகத் திட்டத்தைப் பாருங்கள். கணக்கு எழுதுபவரும் மென்பொருள் செய்பவரும் வெளியாள் இரண்டு பேர்வரை வைத்துக்கொள்ளலாம். லிஃப்டில் ஏறி வரும் இரண்டு பேர் கணினியில் உட்கார வந்தால் புளோக்கின் அமைதி கெடாது, மாவு சுற்ற வந்தால் கெட்டுவிடுமா? எங்கள் வட்டார நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் கேட்க மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கோரிக்கை ஒன்றுதான்: அலுவலகத்துக்கு அனுமதித்த அந்த இரண்டு பேரை அடுப்படிக்கும் அனுமதியுங்கள், அதே புளோக்கில் குடியிருப்பவர்களாக மட்டும் இருந்தாலும் போதும். ஆறு பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் மலாய்க்காரர்கள், ஒருவர் சீனர்.