நமக்கெதுக்குப்பா வம்பு?

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். மூன்று வருடமாக நான் இந்தச் சாலையில்தான் பேருந்தில் போய் வருகிறேன். முதுநகர் தாண்டினால் சிப்காட் வாசனை. அப்புறம் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம், சிதம்பரம். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் எந்த ஊர் வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

நான் படிப்பது பி.காம். டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அப்படியிருந்தும் விபத்து, சீட் பெல்ட், சட்டம் என்று தேடித் தேடிப் படித்ததற்கு இந்தச் சாலையில் நடந்த இரண்டு சம்பவங்கள்தான் காரணம். முதலாவதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இரண்டாவதை நினைத்தால் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும் போல இருக்கிறது. ஆனால் அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

முதல் சம்பவம். நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஒரு காலை வேளை. அன்று காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் தேர்வு. புதுச்சத்திரம் தாண்டியதும் பேருந்து மெதுவாகியது. சாலையோரத்தில் ஒரு பைக் கவிழ்ந்து கிடந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு ஆள். பக்கத்தில் யாருமே இல்லை. பேருந்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து ஜன்னல் பக்கம் வந்துவிட்டோம். "ஐயோ பாவம்" என்றார் ஒரு அம்மா. ஒரு பையன் செல்போனில் வீடியோ எடுத்தான். "எறங்கிப் பாக்கலாமாண்ணே?" என்று யாரோ கேட்டதற்கு நடத்துனர் சொன்னார்: "போலீஸ் கேஸாயிடும். நமக்கெதுக்குப்பா வம்பு? போலாம் ரைட்!"

பேருந்து கிளம்பிவிட்டது. நானும் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன்.

சாயங்காலம் திரும்பும்போது அந்த இடத்தில் கண்ணாடித் தூள் மட்டும் கிடந்தது. அந்த ஆள் பிழைத்தாரா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. நடத்துனரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் வாய்விட்டுச் சொன்னார், நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது சம்பவம் இந்த வருடம் தை மாதம். சிதம்பரத்தில் உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். முடித்துவிட்டு மாமாவின் காரில் கடலூர் திரும்பிக்கொண்டிருந்தோம். மாமா ஓட்டினார். பக்கத்தில் அப்பா. பின்னால் அத்தையும் நானும்.

மாமாவுக்கு சீட் பெல்ட் என்றாலே ஆகாது. "சட்டை கசங்குதுடா" என்பார். இப்போது வரும் கார்களில் முன் சீட்டில் பெல்ட் போடாவிட்டால் 'டிங் டிங்' என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும் அல்லவா? அந்தச் சத்தத்தை ஏமாற்ற மாமா ஒரு கிளிப் வாங்கி மாட்டியிருந்தார். பெல்ட்டைச் செருகும் ஓட்டையில் இந்தக் கிளிப்பைச் செருகிவிட்டால், பெல்ட் போட்டாயிற்று என்று கார் நம்பிவிடும்! (இணையதளங்களில் இவை பகிரங்கமாக விற்கப்பட்டன. 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டு நீக்க வைத்தது.) மாமாவிடம் இருந்தது ஒரே ஒரு கிளிப். அதனால் அப்பா பக்கம் மட்டும் 'டிங் டிங்' நிற்கவில்லை. தொல்லை பொறுக்காமல் அப்பா பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். பின்னால் எங்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. பெல்ட் மாட்டும் பூட்டு இரண்டும் சீட் கவருக்கு அடியில் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது.

ஆலப்பாக்கம் அருகே ஒரு நாய் குறுக்கே ஓடியது. மாமா பிரேக்கை மிதித்து வண்டியை ஒடித்தார். கார் சாலையோர மரத்தில் மோதி நின்றது. எல்லாம் இரண்டு மூன்று வினாடி.

கணக்குப் பார்த்தால் இப்படி: மாமாவுக்கு விலா எலும்பு இரண்டு முறிவு. அத்தை அப்படியே முன்னால் பாய்ந்து மாமாவின் சீட்டில் மோதியதில் நெற்றி கிழிந்து மூக்கு உடைந்தது. எனக்கு இடது மணிக்கட்டு முறிவு. அப்பாவுக்கு? தோளில் பெல்ட் அழுத்திய ஒரு சிவப்புத் தழும்பு. அவ்வளவுதான். ஒரே கார், ஒரே மரம், ஒரே வேகம். 'டிங் டிங்' சத்தம்தான் அப்பாவைக் காப்பாற்றியது.

இதற்கான விஞ்ஞானம் பத்தாம் வகுப்பிலேயே படித்ததுதான். கார் நின்றாலும் உள்ளே இருக்கும் உடம்பு அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். நான்கு மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிச் சுவரைப் பிடிக்காமல் ஓரத்தில் நிற்க யாராவது சம்மதிப்போமா? காரில் மட்டும் சம்மதிக்கிறோம்.

இன்று நாம் போடும் மூன்று முனை பெல்ட்டை 1959-ல் வால்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் நீல்ஸ் போலின் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். அதற்கு முன் அவர் செய்துகொண்டிருந்த வேலை, போர் விமானங்களில் விமானியை வெளியே தூக்கி வீசும் இருக்கைகளை வடிவமைப்பது! வால்வோ அந்தக் காப்புரிமையை வைத்துப் பணம் பண்ணாமல், மற்ற கார் நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டது. காமர்ஸ் மாணவனாகிய எனக்கு இது ஆச்சரியம். ஒரு நிறுவனம் உயிர் காக்கட்டும் என்று இலவசமாகக் கொடுத்த பொருளை, நாம் காசு கொடுத்துக் கிளிப் வாங்கி ஏமாற்றுகிறோம்.

"பின் சீட்டுக்கெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். சைரஸ் மிஸ்திரி. டாடா சன்ஸ் முன்னாள் தலைவர், எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்தவர். 2022 செப்டம்பர் 4 அன்று அகமதாபாத்திலிருந்து மும்பைக்கு விலை உயர்ந்த காரில் வந்தபோது, பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில் மோதி இறந்தார். பின் சீட்டில் இருந்த அவரும் இன்னொருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. இருவருமே இறந்தார்கள். முன் சீட்டில் இருந்த இருவர் படுகாயத்தோடு பிழைத்தார்கள். எத்தனை கோடி இருந்தால் என்ன? மோதும்போது மரத்துக்கும் பாலத்துக்கும் அதெல்லாம் தெரியாது.

அதே 2022-ல் இந்தியாவில் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அதில் ஓட்டுநர்கள் 8,384. பயணிகள் 8,331. ஏறக்குறைய சரிபாதி! பெல்ட் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம் என்றுதான் விதி இருக்கிறது. போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். நாம் 1,000 ரூபாயை மட்டும்தான் நஷ்டமாகப் பார்க்கிறோம். அதனால்தான் போலீஸ் நிற்கும் இடத்தில் போட்டு, தாண்டியதும் கழற்றுகிறோம்.

சரி, மரத்தில் மோதிய காருக்கு வருவோம்.

அத்தை முகமெல்லாம் ரத்தம். எனக்குக் கதவைத் திறக்கத் தெரியவில்லை, கை நடுங்கியது. அப்போது எதிரே இருந்த டீக்கடையிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். நாற்பது வயதிருக்கும், லுங்கி, தோளில் துண்டு. பின்னாலேயே கட்டட வேலை செய்யும் இரண்டு பேர். ஒருவர் 108-க்குப் போன் செய்தார். இன்னொருவர் சாலையில் நின்று வண்டிகளை ஒதுக்கிவிட்டார். டீக்கடைக்காரர் தோளில் இருந்த துண்டை மடித்து அத்தை நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தை தண்ணீர் கேட்டபோது கொடுக்கவில்லை. "ஆஸ்பத்திரி போய்க் குடிக்கலாம்மா" என்றார். ஆம்புலன்ஸ் வந்ததும் அவரும் ஏறிக்கொண்டார். மருத்துவமனையில் அத்தையை உள்ளே கொண்டுபோகும்வரை நின்றார். "அண்ணே, உங்க பேரு?" என்று கேட்டேன். "அது எதுக்குத் தம்பி? அம்மாவப் பாரு" என்று சிரித்துவிட்டு, ரத்தத் துண்டோடு போய்விட்டார்.

கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குப் புதுச்சத்திரம்தான் ஞாபகம் வந்தது. இந்த மனிதரும் "நமக்கெதுக்கு வம்பு" என்று டீ ஆற்றிக்கொண்டு இருந்திருந்தால்?

உண்மையில் அந்த 'வம்பு' இன்று சட்டத்திலேயே இல்லை. இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

விபத்தில் சிக்கியவருக்கு, போலீஸ் சம்பிரதாயங்களுக்குக் காத்திருக்காமல் உடனே சிகிச்சை தர வேண்டும் என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் உதவுகிறவர்களின் பயம் போகவில்லை. 2007-ல் டெல்லியில் பியூஷ் திவாரி என்பவரின் சித்தப்பா, பெரியப்பா பிள்ளை போன்ற உறவுமுறைத் தம்பி, பள்ளி மாணவன், அடிபட்டு உதவி கிடைக்காமல் சாலையிலேயே உயிர்விட்டான். அந்த வேதனையில் அவர் தொடங்கியதுதான் சேவ்லைஃப் அமைப்பு. 2013-ல் அவர்கள் எடுத்த கணக்கெடுப்பில், உதவ முன்வர மாட்டோம் என்றவர்கள் நூற்றுக்கு 74 பேர். அவர்களில் 88 சதவீதம் பேர் சொன்ன காரணம் போலீஸ், கோர்ட் தொல்லை. ஆக, நம் மக்களுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. பயம்தான்.

அந்த அமைப்பு தொடுத்த வழக்கில்தான் 2016 மார்ச் 30 அன்று, உதவுபவரைக் காக்கும் வழிமுறைகளை உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. சுருக்கமாகச் சொன்னால்:

நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது, அடிபட்டவர் இறந்தே போனாலும் வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. மருத்துவமனையில் சேர்த்ததும் போகலாம், பணம் கட்டச் சொல்லக் கூடாது. சாட்சியாக வர விருப்பமில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது.

டீக்கடை அண்ணனுக்கு இந்தப் பிரிவெல்லாம் தெரிந்திருக்காது. ஆனால் பெயர் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனாரே, அதைத்தான் சட்டம் அவருக்கு உரிமையாகக் கொடுத்திருக்கிறது.

"செலவுக்கு யார் பொறுப்பு?" என்ற கேள்விக்கும் தமிழ்நாட்டில் பதில் உண்டு. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், நம் மாநில எல்லைக்குள் விபத்தில் அடிபட்ட யாருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று அறிவித்தார்கள். படுகாயம் அடைந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு மத்திய அரசு 2021-ல் 5,000 ரூபாய் வெகுமதி அறிவித்தது. 2025-ல் அது 25,000 ஆனது. பணத்துக்காக யாரும் ஓட வேண்டாம். ஆனால் அரசாங்கம் உங்களைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை என்பதற்கு இது அத்தாட்சி.

உதவும்போது கொஞ்சம் நிதானமும் வேண்டும். 2025 ஜூலை 8 அன்று கடலூர் பக்கத்தில் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதியதை நாம் மறக்க முடியாது. மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். அன்று காப்பாற்ற ஓடிவந்த உள்ளூர்க்காரர் ஒருவர், அறுந்து கிடந்த மின்கம்பியால் தாக்கப்பட்டு அவரும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. அவர் மனசுக்கு என் வணக்கம். ஆனால் நாம் ஓடுமுன் ஒரு நொடி சுற்றிப் பார்க்க வேண்டும். மின்கம்பி, பெட்ரோல், வரும் வண்டிகள். அப்புறம் 108. ஊர்ப் பெயர், கிலோமீட்டர் கல், பக்கத்துக் கடைப் பெயர் என்று இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். கழுத்தையோ முதுகையோ புரட்டாதீர்கள். தீ போன்ற ஆபத்து இல்லையென்றால் இழுத்துத் தூக்காதீர்கள். தண்ணீர், சோடா கொடுக்காதீர்கள்.

அத்தை இப்போது நன்றாக இருக்கிறார். நெற்றியில் தழும்பு மட்டும். காரைச் சரிசெய்து எடுத்து வந்த அன்று நான் செய்த முதல் வேலை, சீட் கவரை பிளேடால் கிழித்து அந்தப் பூட்டுகளை வெளியே எடுத்தது. மாமா எதுவும் சொல்லவில்லை. கிளிப்பை அவரே கழற்றிச் சாக்கடையில் போட்டார். ஆலப்பாக்கம் டீக்கடைக்கு அப்பாவும் நானும் ஒரு புதுத் துண்டோடு போனோம். கடை பூட்டியிருந்தது. மறுபடி போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. புதுச்சத்திரத்தைப் பேருந்து தாண்டும்போதெல்லாம் அந்த இடத்தைப் பார்க்கிறேன். அன்று நான் இறங்கியிருக்க வேண்டும் என்று வெகுநாள் நினைத்தேன். தேர்வு, பேருந்து, கூட்டம் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஆனால் இறங்கவே வேண்டியதில்லையே? 108-க்குப் போன் செய்ய இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். சீட்டில் உட்கார்ந்தபடியே செய்திருக்கலாம். போன் என் கையில்தான் இருந்தது.

நீங்களாவது செய்யுங்கள். முதலில், இன்று காரில் ஏறும்போது, எந்த சீட்டாக இருந்தாலும் அந்தப் பெல்ட்டைப் போடுங்கள்.