பூச்சாண்டிக்கு எத்தனை கண்?

“இந்த ஒரு வாய் மட்டும் வாங்கிக்கோ. இல்லேன்னா தட்டட்டில இருக்க பூச்சாண்டி எறங்கி வந்துருவான், ஆமா!”

பாளையங்கோட்டையில் இருக்கும் அந்த வீட்டு ஆச்சிக்கு எழுபது வயது. மூன்று பிள்ளைகளையும் நான்கு பேரப்பிள்ளைகளையும் இந்த ஒரே வரியைச் சொல்லித்தான் சாப்பிட வைத்திருக்கிறார். நெல்லைப் பக்கம் மொட்டை மாடியைத் தட்டட்டி என்பார்கள். ஆச்சியின் கணக்குப்படி, அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் பூச்சாண்டி குடியிருந்தான். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை சோற்றை மிச்சம் வைக்கிறது என்று எட்டிப் பார்ப்பதுதான் அவன் வேலை. மருமகள் ஊட்டினால் முக்கால் மணி நேரம் ஆகும். ஆச்சி ஊட்டினால் பத்தே நிமிடத்தில் தட்டு காலி. “அத்தை கையில என்னமோ வசியம் இருக்கு” என்று மருமகளே பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டதுண்டு.

அந்த வசியத்துக்கு ஒரு விலை இருந்தது. போன வருடம்தான் அது தெரிந்தது.

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்கு அடிக்கடி அடிவயிறு வலித்தது. பிறகு காய்ச்சல். டாக்டர் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். கிருமித் தொற்று இருந்தது. மருந்து எழுதிக்கொண்டே, “ரொம்ப நேரம் அடக்கி வெச்சா இப்படி வரும். ஸ்கூல்ல பாத்ரூம் போறியாடா?” என்று பிள்ளையிடமே கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள்.

“ஏன் போறதில்ல?”

“அங்க இருட்டா இருக்கு. பூச்சாண்டி இருப்பான்.”

காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு முறை, மாலையில் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி ஒரு முறை. இடையில் எதுவும் இல்லை. தண்ணீர் பாட்டில் ஏன் தினமும் நிறைந்தபடியே திரும்பி வருகிறது என்பது அப்போதுதான் மருமகளுக்குப் புரிந்தது. இரவில் படுக்கை நனைவதற்கும் காரணம் அதுவேதான். விழிப்பு வந்தாலும் எழுந்து போகப் பயம்.

வீட்டில் யாரும் ஆச்சியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருமகள் வழக்கம்போல் மாத்திரை கொடுத்தார், படுக்கை விரிப்பை மாற்றினார், “அத்தை, காபி ஆறுது” என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது ஆச்சிக்கு. அன்றிரவு மகன்தான் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தபடி சொன்னார்: “நான் மட்டும் என்ன, அஞ்சாப்பு படிக்கிற வரைக்கும் ராத்திரி தனியா கொல்லைக்குப் போனதே இல்லையே. அண்ணனுக்கு என் மிட்டாயக் குடுத்துத்தான் எழுப்பிக் கூட்டிட்டுப் போவேன்.”

நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்த மிட்டாய்க் கணக்கு ஆச்சிக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை.

பத்து நாள் கழித்து மருமகள் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். குழந்தைகள் காசு போட்டு வைக்கும் உல்லன் பர்ஸ். அரக்கன் முகம். தலையில் இரண்டு கொம்பு, முகத்தில் பெரிய கண், வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஜிப். ஜிப்பைத் திறந்தால் வாய் திறக்கும், காசைத் தின்னும்.

“நீங்கதான் குரோஷா போடுவீங்களே, அத்தை. இத அவளுக்குப் பண்ணித் தர முடியுமா?”

இது கேள்வியா, குத்தலா என்று ஆச்சி ஒரு நிமிடம் மருமகளின் முகத்தைப் பார்த்தார். அதில் குத்தல் இல்லை. “ஊசி எங்க இருக்குன்னு பாக்கணும்” என்றார்.

ஊசிகள் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தன. 1968-ல் எட்டாம் வகுப்பு படிக்கும்போது கைவேலை டீச்சர் கற்றுக்கொடுத்தது. நெல்லைச் சீமைக்கு நூல் பின்னுவது புதிதல்ல. 1844-ல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்த எலைசா, அந்த ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது சின்ன மரக்கட்டைகளில் நூலைச் சுற்றி வைத்துப் பின்னும் வேறு வகை. ஆச்சி கற்றது ஒற்றைக் கொக்கி ஊசியில் போடும் குரோஷா. அதை வைத்து அந்த வீட்டு ரேடியோவுக்கு உறை போட்டார், டிவிக்குப் போட்டார், மகளின் பாவாடைக்கு ஓரம் கட்டினார். கண்புரை வந்ததும் நிறுத்தியவர், ஆபரேஷன் முடிந்த பிறகும் தொடவில்லை. உறை போட வேண்டிய பெட்டி டிவியும் வீட்டை விட்டுப் போயிருந்தது.

மருமகள் கொண்டுவந்த உல்லன் நூலைப் பார்த்து ஆச்சி, “இதென்ன கயிறு மாதிரி இருக்கு!” என்றார். அவர் பழகியது தையல் நூலைவிடக் கொஞ்சம் தடித்த பருத்தி நூல், குண்டூசி போன்ற எஃகு ஊசி. இதற்கோ 3.5 மில்லிமீட்டர் ஊசி வேண்டும். நூல் பாக்கெட்டில் இன்னும் பெரிய ஊசிதான் போட்டிருக்கும். ஆனால் பொம்மை, பர்ஸ் மாதிரி விஷயங்களுக்கு ஓர் அளவு சின்ன ஊசியாக எடுத்தால்தான் பின்னல் இறுகி, ஓட்டை தெரியாமல் வரும். ஜப்பான்காரர்கள் அமிகுருமி என்று சொல்லும் பின்னல் பொம்மைகள் எல்லாம் இப்படி இறுக்கிப் போடுவதுதான்.

முதல் நாளே மாமியாருக்கும் மருமகளுக்கும் தகராறு. மருமகள் போனைப் பார்த்து, “சிங்கிள் குரோஷா போடுங்க அத்தை” என்பார். ஆச்சி போட்டது கட்டை மாதிரி விறைத்து, வளராமலே நின்றது. உருவிவிட்டு மறுபடி போட்டாலும் அதேதான். கடைசியில் வீடியோவில் இருந்த கையைப் பார்த்த பிறகுதான் ஆச்சிக்கு விளங்கியது. “அடிப்பாவி, இது டபுள் குரோஷால்லா!” ஆச்சியின் டீச்சர் சொல்லித் தந்தது இங்கிலாந்துக்காரர்கள் வைத்த பெயர். வீடியோவில் சொல்வது அமெரிக்கப் பெயர். அவர்களின் சிங்கிள்தான் இவர்களின் டபுள். அதற்குப் பிறகு இருவரும் பெயரை விட்டுவிட்டுக் கையை மட்டும் பார்த்தார்கள்.

இனி பூச்சாண்டிக்கு உருவம் தர வேண்டும். படத்தில் இருந்தது பச்சை நிறம். பேத்தி கத்திரிப்பூ நிறம்தான் வேண்டும் என்றாள். சரி. கண்?

“பூச்சாண்டிக்கு எத்தனை கண்ணு வைக்கலாம்?” என்று கேட்டார் ஆச்சி.

பேத்தி ஆச்சரியமாகப் பார்த்தாள். “என்கிட்ட கேக்க? நீதான பாத்திருக்க!”

ஆச்சியின் கையில் ஊசி நின்றது. சமையலறையில் மருமகள் தாளித்துக்கொண்டிருந்த சத்தமும் நின்ற மாதிரி இருந்தது. பூச்சாண்டிக்கு நாலு கண், ரெண்டு கண் என்று எதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இத்தனை வருடம் அதைத்தானே செய்தார்.

“நான் பாத்ததில்ல, மக்கா.”

“பாக்காமலா சொன்ன?”

“ஆமா. நீ சாப்பிடணுமேன்னு சொன்னேன். அப்படி யாரும் கெடையாது. ஆச்சி சொன்னது பொய்.”

பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. கோபப்படுவாள் என்று ஆச்சி எதிர்பார்த்தார். அவளோ ஊசியையும் நூலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்போ ஒரு கண்ணு போதும்” என்றாள். “ரெண்டு கண்ணு இருந்தா இருட்டுல நல்லாத் தெரியும்லா.”

பல் மூன்று வேண்டும், நடுவில் ஒன்று விழுந்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள். அவளுக்கே அப்போது முன்பல் விழுந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது.

பின்னல் கஷ்டம் இல்லை. 21 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி 20 தையல். முனைக்கு வந்ததும் திருப்பாமல், அப்படியே சுற்றிச் சங்கிலியின் மறுபக்கத்தில் இன்னொரு 20. ஒரு சுற்றுக்கு மொத்தம் 40. அப்புறம் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சுற்றிச் சுற்றி மேலே போனால் அடியில் தையலே இல்லாத பை எழும்பிவிடும். சுற்று எங்கே ஆரம்பிக்கிறது என்பது மட்டும் மறந்துபோகும். அதற்கு வேறு நிற நூலில் ஒரு சின்னத் துண்டை முதல் தையலில் செருகிக்கொள்ள வேண்டும்.

வாய்க்கு ஒரு வழி இருக்கிறது. 12-ஆம் சுற்றில் முகப்பக்கம் வந்ததும் இரண்டு தையல் போட்டு, 16 செயின் பின்னி, கீழே உள்ள 16 தையலை விட்டுத் தாண்டிப் பிடிக்க வேண்டும். சட்டைக்குப் பொத்தான் ஓட்டை விடுவது போலத்தான். அடுத்த சுற்றில் அந்தச் செயின் மேலேயே 16 தையல் போட்டால் மறுபடி 40. இன்னும் பத்துச் சுற்று போனால் நெற்றி முடிந்தது.

மூன்றாம் நாள் மாலை ஆச்சி எண்ணிப் பார்த்தபோது 40 இருக்க வேண்டிய இடத்தில் 37 இருந்தது. எங்கோ பிடிக்காமல் விட்டிருக்கிறார். முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. “உருவத்தான் வேணும்” என்றார். பேத்தி, “நான், நான்!” என்று ஓடிவந்தாள். குரோஷாவில் எப்போதும் ஊசியில் இருக்கும் ஒற்றைக் கண்ணிதான் உயிர். ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால் போதும், நிற்காமல் உருவிக்கொண்டே வரும். பிள்ளை நூலைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து வாசல் வரை ஓடினாள். பூச்சாண்டியின் நெற்றி போனது, வாய் போனது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தவள், “ஆச்சி, இழுத்தா அவனே காணாமப் போயிடுதான்!” என்றாள். அன்று ஒரு மணி நேர வேலை வீண். ஆச்சிக்குக் கட்டைவிரல் வலி வேறு. ஆனாலும் அவர் முகம் சுளிக்கவில்லை.

கண்ணுக்குக் கடையில் பிளாஸ்டிக் கண் கிடைக்கிறது, பின்னால் வளையம் போட்டு இறுக்குகிற மாதிரி. மருமகள் வேண்டாம் என்றுவிட்டார். வீட்டில் இரண்டு வயதுத் தம்பி இருக்கிறான். கையில் கிடைப்பதெல்லாம் அவன் வாய்க்குத்தான் போகும். மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் கழன்று விழக்கூடிய சின்னப் பொருள் எதுவும் பொம்மையில் இருக்கக் கூடாது. அதனால் வெள்ளை நூலில் வட்டம் பின்னினார்கள். முதல் சுற்றில் 6 தையல், அடுத்ததில் 12, அதற்கு அடுத்ததில் 18. நடுவில் கறுப்பு நூலால் கருவிழி தைத்தாயிற்று. கழுத்தில் மாட்டும் நீளக் கயிறும் வேண்டாம், எதிலாவது சிக்கினால் ஆபத்து. புத்தகப் பையில் கோர்க்க விரல் நீளத்துக்கு ஒரு வளையம் போதும்.

நெற்றியை மூடுவதற்கு முன்பே ஜிப்பை வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கை போகாது. குண்டூசி குத்தி நிறுத்திக்கொண்டு, சாதாரணத் தையல் நூலில் பின்தையல் போட்டார் ஆச்சி. உள்ளே ஒரு துணிப்பை அவசியம். எவ்வளவு இறுக்கிப் பின்னினாலும் காசின் கனத்தில் உல்லன் தொங்கிவிடும். பிள்ளைகள் விரலை விட்டு ஓட்டையையும் பெரிசாக்கிவிடுவார்கள். தாத்தாவின் பழைய வேட்டி ஒன்று பீரோவில் இருந்தது. அதில் ஒரு துண்டு வெட்டி, ஜிப்பின் நாடாவோடு சேர்த்துத் தைத்தார். கடைசியாகக் கொம்பு இரண்டு, பல் மூன்று.

எட்டாம் நாள் பூச்சாண்டி தயார். ஒரு கொம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தது. பேத்தி அதைச் சரிசெய்ய விடவில்லை. ஒரு ரூபாய் நாணயத்தை வாயில் போட்டு ஜிப்பை மூடினாள். “இப்போ இவனுக்கு வயிறு ரொம்பிருச்சு.”

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. முதல் வாரம் படுக்கை மூன்று முறை நனைந்தது. பள்ளியில் மருமகள் டீச்சரிடம் பேசி, மதியம் ஒரு தோழியோடு அனுப்பச் சொன்னார். வீட்டில் பாத்ரூம் வாசலில் இரவு விளக்கு ஒன்று போட்டார்கள். பேத்தி அந்த வாசலில் பூச்சாண்டியை உட்காரவைத்து, “நீ இங்கயே இரு, நான் வந்துடுதேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். முதலில் கதவு திறந்தே இருக்கும். பிறகு பாதி மூடியது. ஒரு நாள் முழுவதும் மூடியது. தண்ணீர் பாட்டில் பாதி காலியாகி வரத் தொடங்கியது.

ஆச்சிக்குத்தான் வேலை கூடிவிட்டது. இப்போது அவர் ஊட்டினாலும் முக்கால் மணி நேரம் ஆகிறது. சில நாள் தட்டில் சோறு மிச்சமே இருக்கிறது. “பசிச்சா சாப்பிடுவா” என்று மருமகள் சொல்ல, எழுந்துபோக மனமில்லாமல் ஆச்சி தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். தம்பி சோற்றைத் துப்பும்போது பழைய வரி நாக்கு நுனி வரை வந்துவிடுகிறது. விழுங்கிக்கொள்கிறார்.

போன மாதம் ஒரு மதியம் பேத்தி பூச்சாண்டிக்கும் சாம்பார் சோறு ஊட்டிவிட்டாள். மூன்று பல்லும் மஞ்சள். ஜிப்பில் பருப்பு. ஆச்சி சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் துண்டில் வைத்து ஒற்றியெடுத்து, தட்டட்டிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். பொழுது சாய்ந்த பிறகுதான் நினைவு வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவதற்குள் பேத்தி படியேறியிருந்தாள்.

“ஏளா, நில்லு, நானும் வாரேன்!”

பதில் இல்லை. மேலே லைட்டும் போடவில்லை. ஆச்சி மாடிப்படிக்குக் கீழே நின்று காது கொடுத்துக் கேட்டார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் காலடிச் சத்தம் போனது, நின்றது, திரும்பியது. பேத்தி வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

“உள்துணி இன்னும் காயல, ஆச்சி. அங்கனயே விட்டுட்டு வந்துட்டேன். காத்தாடட்டும்.”