சாஆவிலிருந்து துறையூருக்கு ஒரு புள்ளிக் கணக்கு

யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, முதலாம் கூட்டரசு சாலையில் லாபிஸ் பக்கமாகப் போனால் சாஆ வரும். ஒரு நீளமான கடைவீதி. அது முடிந்ததும் மறுபடியும் செம்பனை. ரயில் இந்த ஊருக்கு வருவதில்லை. லாபிஸுக்கோ பெக்கோக்குக்கோ போய்த்தான் ஏற வேண்டும். பெக்கோக் அருவிக்கும் எண்டாவ் ரொம்பின் காட்டுக்கும் போகிறவர்கள் இங்கே காரை நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சுற்றுலாப் பட்டியலில் இல்லாத ஊர். எனக்கு இது அம்மாவின் ஊர்.

அம்மாவுக்கு 71 வயது. பிறந்தது தோட்டத்தில், பால் வெட்டியது தோட்டத்தில், இப்போது இருப்பது பட்டணத்து ஓரத்தில் ஒரு வரிசை வீடு. தாத்தா போருக்கு முன்னால் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி வந்தவர். துறையூர் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயரைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சிவப்பு அடையாள அட்டையோடுதான் போய்ச் சேர்ந்தார், திரும்பிப் போகவே இல்லை. அம்மா அந்த ஊரைப் பார்த்ததில்லை. “ஓய்வு எடுத்ததும் போவோம்” என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு வாய்க்கவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி ஆரம்பித்தபோதுதான் எனக்கு உறைத்தது, இனித் தள்ளிப்போட முடியாது என்று.

இந்த இடத்தில் கடன்பற்று அட்டை கதைக்குள் வருகிறது. ஜொகூர் பாருவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அட்டை வாங்கினேன். “சும்மா செலவு பண்ணுங்க, சும்மாவே பறக்கலாம்” என்றார் விற்றவர். நானும் நம்பினேன். ஒரு வெள்ளிக்கு ஒரு புள்ளி. பத்தாயிரம் புள்ளியைக் கொடுத்தால் ஆயிரம் விமான மைல். புள்ளி ஏறுவதைப் பார்ப்பதிலேயே ஒரு போதை இருந்தது.

2023 மார்ச்சில் வெள்ளம் வந்தது. சிகாமட், சாஆ, யோங் பெங் எல்லாம் தண்ணீரில் நின்ற மழை அது. அம்மா நிவாரண மையத்தில் இருந்தார். நான் வந்து கதவைத் திறந்தபோது குளிர்பெட்டி சமையலறையில் மல்லாக்கக் கிடந்தது. மெத்தை, துணி துவைக்கும் இயந்திரம், சாமி அலமாரியின் கீழ்த்தட்டு எதுவும் மிஞ்சவில்லை. புதிதாக வாங்கியது ஏறத்தாழ 4,000 வெள்ளிக்கு. எல்லாம் அட்டையில்தான். அந்தச் சோகத்திலும் மனசு ஒரு ஓரத்தில், “4,000 புள்ளி” என்று எண்ணியது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த 4,000 புள்ளிக்கு 400 மைல். எவ்வளவு சாமர்த்தியமாகச் செலவழித்தாலும் அதன் மதிப்பு 20 வெள்ளியைத் தாண்டாது. கடனை நான் முழுதாகக் கட்டவில்லை. நம் நாட்டில் அட்டை வட்டி ஆண்டுக்கு 15, 17, 18 விழுக்காடு என்று மூன்று படி. தவறாமல் கட்டுகிறவருக்குக் குறைந்த படி, தவணை தவறுகிறவருக்கு மேல்படி. நான் மேல்படியில் இருந்தேன். 4,000 வெள்ளிக்கு 18 விழுக்காடு என்றால் முதல் மாதமே 60 வெள்ளி. 20 வெள்ளிப் புள்ளிக்கு 60 வெள்ளி வட்டி! கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து முடிக்க ஒன்பது மாதம் ஆனது. வட்டி மட்டும் 300 வெள்ளி பக்கம் போயிருக்கும். அதுமட்டுமில்லை. பாக்கி வைத்திருக்கும்வரை புதுச் செலவுக்குக் கிடைக்கும் 20 நாள் வட்டியில்லாத் தவணையும் போய்விடுகிறது. அன்றைக்கு வாங்கும் நாசி லெமாக்குக்கும் அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும்.

ஆகவே, மாதாமாதம் முழுத்தொகையும் கட்ட முடியாதவர் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு முதலில் கடனை அடைக்கலாம். கோபப்படாதீர்கள், எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான். அடைத்து முடிக்கும்வரை அட்டையை அம்மா வீட்டு அரிசி டின்னுக்குள் போட்டு வைத்தேன்.

அதன்பிறகு தொடங்கியது நிஜமான கணக்கு. மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வெளிச்சாப்பாட்டுக்கும் ஐந்து மடங்கு புள்ளி தரும் அட்டைக்கு மாறினேன். செலவைக் கூட்டவில்லை. எப்படியும் கையிலிருந்து போகும் பணத்தை ஒரே வழியில் போகவிட்டேன், அவ்வளவுதான். அண்ணன் வீட்டு மளிகையும் துணை அட்டை வழியாக இதிலேயே சேர்ந்தது. முதன்மை அட்டையோ துணை அட்டையோ, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி உண்டு. புள்ளிக்காக நான்கைந்து அட்டை வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆண்டுக்கு 36,000 வெள்ளியும் அதற்குக் கீழும் சம்பாதிப்பவர் இரண்டு வங்கிகளின் அட்டைகளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. பேங்க் நெகாரா போட்ட விதி. நல்ல விதி என்றே நினைக்கிறேன்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் மாமா மகன் என் கணக்கைப் பார்த்துச் சிரித்தான். அங்கே சில அட்டைகள் குறிப்பிட்ட செலவுகளுக்கு ஒரு டாலருக்கு நான்கு மைல் தருகின்றன. என்னுடையதில், ஐந்து மடங்குப் புள்ளியிலும், இரண்டு வெள்ளிக்குத்தான் ஒரு மைல். பொறாமையாக இருந்தது. ஆனால் தினமும் விடியற்காலையில் பாலம் கடக்கும் அவன் வாழ்க்கை எனக்கு வேண்டாம்.

22,000 மைல் சேர இரண்டு ஆண்டு ஆனது. அங்கேதான் சூட்சுமமே இருக்கிறது. ஒரு மைலுக்கு என்ன விலை? டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து, மைல் கொடுத்தாலும் நாம் கட்டியே ஆகவேண்டிய வரி, கட்டணங்களைக் கழியுங்கள். மிச்சத்தை மைல் எண்ணிக்கையால் வகுங்கள். நான் பார்த்தபோது கோலாலம்பூர் - சென்னை போய்வரச் சாதாரண மாதத்தில் ரொக்கம் 780 வெள்ளி. மைலில் எடுத்தால் 22,000 மைலும் 310 வெள்ளி வரியும். 470-ஐ 22,000-ஆல் வகுத்தால் மைலுக்கு இரண்டு சென் சொச்சம். அதாவது ஆயிரம் மைல் 21 வெள்ளி. அதே பத்தாயிரம் புள்ளிக்குப் பேரங்காடிப் பற்றுச்சீட்டு 25 வெள்ளிக்குக் கிடைத்தது. அந்த மாதத்தில் பறப்பதைவிட அரிசி வாங்குவதே லாபம்!

பொங்கல் வாரத்தில் அதே டிக்கெட் 1,450 வெள்ளி. மைல் எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. இப்போது மைலுக்கு ஐந்து சென்னுக்கு மேல். எல்லா நிறுவனமும் இப்படி நிலையான மைல் கணக்கு வைத்திருப்பதில்லை. சில, ரொக்க விலை ஏறினால் மைலையும் ஏற்றிவிடும். நிலையாக வைத்திருப்பவர்களும் பண்டிகை வாரத்தில் அந்த இருக்கைகளை விரல்விட்டு எண்ணும்படிதான் தருவார்கள். பத்து மாதத்துக்கு முன்பே பார்த்து வைத்தேன். இருக்கை இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் புள்ளியை மைலாக மாற்றினேன். மாற்றினால் பழையபடி புள்ளியாகத் திரும்பாது. மைலுக்கு ஆயுள் வேறு உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையரிலும் சரி, மலேசியா ஏர்லைன்ஸின் என்ரிச்சிலும் சரி, மூன்று ஆண்டு. சேர்த்துச் சேர்த்து ஆற்றில் விட்டவர்கள் நிறையப் பேர். வெள்ளத்துக்கு முந்தைய என் புள்ளிகளும் அப்படித்தான் போயின.

“நேரா திருச்சிக்குப் போகலாமே?” என்று கேட்பீர்கள். போகலாம். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு மலிவு விமானங்கள் இருக்கின்றன. சலுகை விலையில் கிடைத்தால் அதை ரொக்கத்தில் வாங்குவதே புத்திசாலித்தனம், அங்கே மைலைச் செலவழிக்காதீர்கள். பண்டிகை நேரத்தில் அந்தச் சலுகை எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் சென்னை. அம்மாவுக்கு மைல் இருக்கை, எனக்கு அதே விமானத்தில் ரொக்க இருக்கை.

விமான நிலையத்தில் அம்மா என் காதருகே வந்து கேட்டார். “தம்பி, இது ஓசி டிக்கெட்டுன்னு அவங்களுக்குத் தெரியுமா? பின்னால உட்கார வச்சிருவாங்களா?”

“இல்லம்மா. எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதான்.”

“அப்ப சரி” என்று சொன்னவர், சாப்பாடு வந்ததும் பக்கத்து இருக்கைத் தட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

எழும்பூரிலிருந்து வைகை ரயில், இரவு திருச்சியில் தங்கல், காலையில் வாடகைக் கார். திருச்சி விடுதியில் அட்டையைத் தேய்த்தபோது, “ரிங்கிட்டில் போடவா, ரூபாயிலா?” என்று இயந்திரம் கேட்டது. எப்போதும் ரூபாய் என்றே சொல்லுங்கள். ரிங்கிட் என்றால், நமக்குச் சாதகமில்லாத ஒரு மாற்றுவிகிதத்தை அங்கேயே பூட்டிவிடுவார்கள். துறையூர் தாண்டியபிறகு அட்டைக்கு வேலையே இல்லை. பூக்காரம்மாகூடக் கைப்பேசிப் பட்டையை நீட்டினார். எங்களிடம் இருந்தது ரொக்கம் மட்டும்.

ஊரில் தாத்தாவின் பெயரைச் சொன்னோம். யாருக்கும் தெரியவில்லை. அவருடைய அப்பா பெயரைச் சொன்னபோது ஒரு முதியவர் யோசித்து, “கப்பலுக்குப் போனவங்க வீடா?” என்று கேட்டார். வீடு இருந்த இடத்தில் இப்போது சோளக்காடு. அம்மா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். முட்டி வலி என்றார். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை, நானும் எழுப்பவில்லை. பிறகு அந்த முதியவர் வீட்டில் கரும்பு கொடுத்தார்கள், சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். கிளம்பும்போது அம்மா அவரை “அண்ணே” என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

சாஆ திரும்பிய மறுவாரம் அட்டைக் கணக்கு வந்தது. முழுதாகக் கட்டினேன். விமானச் சீட்டின் துண்டை அம்மா தாத்தாவின் சிவப்பு அட்டை இருக்கும் டின்னில் வைத்தார். பக்கத்து வீட்டு அக்காவிடம் கதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, புள்ளி இன்னும் மிச்சம் இருக்கா?”

“ஆயிரத்துச் சொச்சம் இருக்கும்மா.”

“அதுக்குச் சிகாமட் வரைக்கும் போகலாமா?”